காபிச் செடி மஞ்சளாகிறதா? உரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைப் பாருங்கள்

கேள்வி: பண்ணைக்காடு பக்கம் இரண்டு ஏக்கரில் அராபிகா காபி, ஊடே மிளகு. செடிகளுக்குப் பன்னிரண்டு வயது. மிளகுக்கு வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் நிழல் மரங்களில் பாதியை வெட்டினோம். இந்த ஆடியில் பார்த்தால் அங்கங்கே செடிகள் மஞ்சளாகி வாடுகின்றன. யூரியா வைத்தும் தேறவில்லை. தண்டில் ஓட்டை தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரொபஸ்டா காபி போடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் வேலை, தோட்டக்காரர்கள் போரர் என்று சொல்வது. உறுதி செய்துகொள்வது சுலபம். வாடிய செடியின் தண்டைத் தடவிப் பாருங்கள். பட்டை மேல் வளைய வளையமாகத் தடிப்பு இருக்கும். ஒரு தண்டை வெட்டிப் பிளந்தால் உள்ளே தூள் அடைத்த சுரங்கமும், பெரும்பாலும் வெண்மையான புழுவும் கிடைக்கும். தண்டு வழவழப்பாக இருந்து செடி மட்டும் வாடினால் வேரைத் தோண்டி, மாவுப்பூச்சியோ அழுகலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வேறு வைத்தியம்.

மண்ணெண்ணெய் ஏன் பலிக்காது? வட்டமாக ஓட்டை தெரிகிறது என்றால் வண்டு வெளியே பறந்து போய்விட்டது என்று அர்த்தம். வெறும் வீட்டில்தான் ஊற்றுகிறீர்கள். புழு உள்ளே போன இடத்தில் வெளியே தெரிகிற ஓட்டை இருக்காது. பட்டை வெடிப்பில் வண்டு முட்டையிடும். பத்து நாள் வாக்கில் பொரிக்கும் புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்று, பிறகு கட்டைக்குள் இறங்கும். போகிற வழியெல்லாம் தன் கழிவால் பின்பக்கத்தை இறுக்கி அடைத்துக்கொண்டே போகும். எந்த மருந்தும் அதைத் தாண்டிச் சேராது. முட்டையிலிருந்து வண்டாகி வெளியேற ஏறக்குறைய ஒரு வருடம். ஆக, இன்றைக்கு மஞ்சளாகும் செடியில் முட்டை விழுந்தது போன சீசனிலோ அதற்கும் முன்போதான். யூரியாவுக்குச் செலவழித்தது வீண்.

வண்டு பறக்கும் காலம் வருடத்தில் இரண்டு: ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–டிசம்பர் இன்னொன்று. அதற்கு முன் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு தண்டையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. தடிப்பு உள்ள செடிக்கு அடையாளம் கட்டுங்கள். தரையோடு வெட்டிப் பார்த்து, அடிக்கட்டை சுத்தமாக இருந்தால் விட்டுவிடலாம், துளிர்க்கும். துளை வேருக்குள் போயிருந்தால் வேரோடு பிடுங்குங்கள். காய் நிற்கிற செடியை வெட்ட மனம் வராது, தெரியும். ஆனால் 'இந்த ஒரு பறிப்பு முடியட்டும்' என்று விட்டால் அக்டோபரில் அதிலிருந்து கிளம்பும் வண்டு பக்கத்துச் செடிகளில் முட்டையிட்டுவிடும். இதில் சமரசமே கூடாது.

வெட்டிய கட்டையை விறகுக்கு என்று வீட்டோரம் அடுக்காதீர்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடுக்கிய கட்டைக்குள்ளிருந்தும் வண்டு வெளியே வரும். உடனே எரித்துவிடுங்கள். விறகு வேண்டும் என்றால் ஏழு முதல் பத்து நாள் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி வைத்து, அப்புறம் காய வையுங்கள்.

மிச்சமுள்ள நல்ல செடிகளுக்கு: தண்டிலும் கனமான பக்கக்கிளைகளிலும் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுங்கள். கத்தி, கம்பி பிரஷ் வேண்டாம். பச்சைப் பட்டை காயப்படக் கூடாது. தண்டு வழவழப்பானால் முட்டையிட வெடிப்பு கிடைக்காது. பிறகு 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கரைத்து அந்தப் பகுதிகளில் படும்படி அடியுங்கள். கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி மழை கொட்டும் என்பதால் வெயில் கிடைக்கும் இடைவெளியில் அடித்து, கரைந்து போனால் மறுபடி அடிக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்து இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் உதவும். இந்த வண்டில் மணம் விடுவது ஆண், வந்து மாட்டுவது பெண். பொறி மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆனால் இவ்வளவும் செய்தும் அடுத்த வருடம் இதே வேலை திரும்ப வரும், நிழல் திரும்பாத வரை. வெயில் நன்றாக விழும் தண்டைத் தேடித்தான் இந்த வண்டு முட்டையிட வருகிறது. நீங்கள் மரத்தை வெட்டி அதற்கு வழி திறந்துவிட்டீர்கள். மிளகுக்கு வெளிச்சம் வேண்டியது உண்மைதான், அதற்குக் கிளை கழித்தாலே போதும். மழைக்காலத்தில் கல்யாண முருங்கைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நடுங்கள். சீக்கிரம் தழைக்கும், மிளகுக் கொடியும் ஏறும். நிரந்தர நிழலுக்கு அத்தி, பலா போன்றவை. சில்வர் ஓக் மட்டும் வைத்தால் போதாது. அது நெட்டையாக வளர்ந்து விலை போகும், நிழல் மெலிசு. மரம் எழும்வரை வெறும் இடங்களில் மலைவாழை வைக்கலாம், முடிக்கொத்து நோய் இல்லாத கன்றாகப் பார்த்து.

ரொபஸ்டாவை இந்த வண்டு பெரிதாகத் தொடாது என்பது சரிதான். விலையும் 2024-ல் ஏறியது. ஆனால் அது தாழ்வான, வெதுவெதுப்பான இடத்துப் பயிர். பூ எடுக்கக் கோடையில் தண்ணீரும் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் உயரத்தில் இருக்கிற அராபிகாவை அழித்து அதைப் போடுவதை நான் ஒப்ப மாட்டேன். பிடுங்கிய குழிகளில் சந்திரகிரியோ எஸ்.795 ரகமோ வையுங்கள். சந்திரகிரி குட்டையான ரகம், இலைத்துருவைத் தாங்கும். எஸ்.795 உயரமாக வளரும், கோப்பையில் ருசி நன்றாக இருக்கும். இரண்டுக்கும் போரர் வரும் என்பதால் நிழலில்தான் வைக்க வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிளந்த தண்டு ஒன்றை எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாற்று, பொறி பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். அக்டோபர் பிறக்கும் முன் பொறிகள் தோட்டத்தில் தொங்க வேண்டும்.