நிறுவனம், சமூகம், நிலைத்தன்மை என்று ஆராயும் மேலாண்மைப் பேராசிரியர்களால் யாருக்காவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் எம்பிஏ முடித்திருக்கிறார். நிறுவனங்களுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு, சுற்றுச்சூழல், நிலைத்தன்மை இவற்றை ஆராயும் துறையில் பிஎச்டி செய்ய ஆசைப்படுகிறார். ஆனால் அது கம்பெனிகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை, வெறும் பேப்பர் வேலை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்களாம். இதனால் யாருக்காவது பயன் உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. ஆனால் துறை முழுவதற்கும் சேர்த்து அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பெனி என்ன சொன்னது, சொன்னது நடந்ததா என்று போய்ப் பார்த்து, கணக்கு எடுத்து எழுதுகிறவர்கள் அதில் ஒரு பகுதிதான். அவர்கள் செய்த வேலைக்கு மதிப்பு ரொம்பப் பெரிது, நம் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

நான் பேராசிரியர் இல்லை. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது சட்டமும் பையரும் கேட்கிற விதிகளைக் கம்பெனி பின்பற்றுகிறதா என்று பார்க்கிற வேலை செய்கிறவன். பையர் சார்பாக வரும் ஆடிட்டருக்கு ரெஜிஸ்டர்களை எடுத்து வைப்பது, டைம் கார்டு, சம்பளப் பட்டியல், தீயணைப்பு லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது, ஆடிட் முடிந்ததும் அவர்கள் சொன்ன குறைகளுக்குப் பதில் எழுதுவது, இதுதான் பிழைப்பு. இத்தனை ஆடிட் நடந்தும் தைக்கிற பெண்ணுக்கு என்ன மாறியது என்ற கேள்வி மண்டையைக் குடைந்ததால்தான் இந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் போபால். 1984 டிசம்பரில் அங்கே யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகு ரசாயன ஆலை என்றாலே மேற்கு நாடுகளிலும் மக்கள் பயந்தார்கள், அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவந்துவிடுமோ என்று கம்பெனிகளும் பயந்தன. 1985-இல் கனடாவின் ரசாயன உற்பத்தியாளர் சங்கம் ரெஸ்பான்சிபிள் கேர் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது, 1988-இல் அமெரிக்கச் சங்கமும் அதை எடுத்துக்கொண்டது. எங்களை நாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம், பாதுகாப்புக்கும் மாசுக் குறைப்புக்கும் நாங்களே விதி வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் என்ற இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் அது நடந்ததா என்று பார்த்தார்கள், 2000-இல் கட்டுரை வெளியானது. அவர்கள் பார்க்க முடிந்ததற்குக் காரணமும் போபால்தான். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் 1986-இல் ஒரு சட்டம் வந்தது, அதன்படி ஒவ்வொரு பெரிய ஆலையும் எந்த நச்சுப்பொருளை எவ்வளவு வெளியே விட்டது என்று வருடாவருடம் அரசுக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தக் கணக்கை எடுத்து, திட்டத்தில் சேர்ந்த கம்பெனிகளையும் சேராதவற்றையும் ஒப்பிட்டார்கள். சேர்ந்தவை சேராதவற்றைவிட மெதுவாகத்தான் முன்னேறியிருந்தன. விதியை மீறினால் இன்ன தண்டனை என்று அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லாததுதான் கோளாறு என்றார்கள், மோசமான கம்பெனியும் சங்கத்தின் நல்ல பெயருக்குள் ஒதுங்கிக்கொள்ள அது வழிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் நொய்யல் ஆறுதான் ஞாபகம் வந்தது. சாயக்கழிவு பற்றி எத்தனை வருடம் பேச்சு, எத்தனை அவகாசம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது என்பதை ஊர் முழுசாக எடுத்துக்கொண்டது. (அந்த மூடலில் வேலை இழந்த ஜனங்கள் பட்ட பாடு தனிக்கதை, இன்னமும் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.)

இப்போது என் வேலைக்கு வருகிறேன். எம்ஐடியில் இருந்த ரிச்சர்ட் லாக்கும் அவர் கூட்டாளிகளும் நைக்கி கம்பெனியின் சொந்த ஆடிட் தரவுகளைக் கேட்டு வாங்கினார்கள். 51 நாடுகளில் 800-க்கும் மேற்பட்ட சப்ளையர்கள். நைக்கி அதற்குள் நிறையப் பணமும் ஆளும் போட்டுக் கண்காணித்துக்கொண்டிருந்தது, அப்படியும் ஏறக்குறைய 80 சதவீதம் சப்ளையர்களிடம் நிலைமை காலப்போக்கில் அப்படியே இருந்தது, அல்லது மோசமானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அவர்கள் மெக்சிகோவில் பார்த்த இரண்டு தொழிற்சாலைகள். இரண்டும் நைக்கிக்கு டி-ஷர்ட் தைப்பவை, ஆடிட் மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றில் சம்பளம் அதிகம், வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதில் தொழிலாளிகளுக்குப் பேச்சு இருக்கிறது. இன்னொன்றில் சம்பளம் குறைவு, ஓ.டி.யைக் கட்டாயப்படுத்துகிறார்கள். தாளில் இரண்டும் அண்ணன் தம்பி. இந்த ஊரில் வேலை பார்க்கிற எந்த கம்ப்ளையன்ஸ் ஆளிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் ஆடிட் தேதி தெரிந்ததும் முதலுதவிப் பெட்டி நிரம்பும், வழியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் மறையும், எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்ல வேண்டும் என லைனில் இருக்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் தினமும் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். ஆடிட்டர் கிளம்பிய மறுநாள் பெட்டிகள் திரும்ப வழிக்கு வந்துவிடும்.

சரி, ஆடிட்டரே மோசமா என்றால் அப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. ஜோடி ஷார்ட், மைக்கேல் டோஃபல், ஆண்ட்ரியா ஹ்யூகில் மூவரும் 66 நாடுகளில் நடந்த ஏறக்குறைய 17,000 ஆடிட்களை எடுத்துப் பார்த்தார்கள், 2016-இல் வந்த ஆய்வு. ஆடிட்டர் முன்பே அந்தத் தொழிற்சாலைக்கு வந்து பழகியவராக இருந்தால் எழுதும் குறைகள் குறைகின்றன. நல்ல பயிற்சி பெற்றவர் என்றால் கூடுகின்றன, குழுவில் பெண்கள் இருந்தால் கூடுகின்றன. காசு யார் கொடுக்கிறார்கள் என்பதும் அறிக்கையை மாற்றுகிறது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா என்று கேட்பார்கள், தெரியும்தான், ஆனால் நான் சொன்னால் அது டீக்கடைப் பேச்சு, 17,000 அறிக்கைகளை வைத்துச் சொன்னால் பையரின் தலைமை அலுவலகத்தில் மேசைமேல் வைத்துப் பேச முடியும். ஆராய்ச்சியின் பயன் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

இதில் என்னை ரொம்பவே அசைத்தது குஜராத் ஆய்வு. கண்டிப்பாகச் சொன்னால் அவர்கள் பொருளியல்காரர்கள், மேலாண்மைக்காரர்கள் இல்லை: எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன். அங்கே மாசு அதிகம் உள்ள ஆலைகள் வருடாவருடம் ஒரு சுற்றுச்சூழல் ஆடிட்டரிடம் சான்று வாங்க வேண்டும், அந்த ஆடிட்டரை ஆலையே தேர்ந்தெடுத்து ஆலையே காசு கொடுக்கும். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாரைப் பிடித்துச் சம்பளமும் கொடுத்துப் பேப்பர் திருத்தச் சொல்கிற மாதிரி. எதிர்பார்த்தபடியே அறிக்கைகளில் மாசு அளவு எல்லாம் அனுமதித்த வரம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றன. ஆய்வாளர்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். ஆடிட்டரைக் குலுக்கல் போல ஒதுக்குவது, பொது நிதியிலிருந்து ஒரே கட்டணம், அவர் எடுத்த அளவு சரியா என்று சிலவற்றைத் திரும்பப் போய் அளப்பது. அவ்வளவுதான். பொய்யாக வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது, அதோடு நிற்கவில்லை, அந்த ஆலைகள் வெளியேற்றிய மாசும் குறைந்தது. கட்டுரை வந்தது 2013-இல், 2015-இல் குஜராத் வாரியம் ஆடிட்டரை அப்படி ஒதுக்கும் முறையைத் தன் விதியிலேயே கொண்டுவந்தது. உங்கள் வீட்டில் வெறும் பேப்பர் வேலை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

தெற்காசியாவில் ஆயத்த ஆடை வேலை பார்க்கிறவர்களுக்கு இது உயிர் விஷயம். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அந்த ஆலைக்கு எஸ்ஏ8000 என்ற, தொழிலாளர் நிலைமை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்கா பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தொழிற்சாலைக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக வந்த பங்களாதேஷ் அக்கார்டு ஒப்பந்தத்தை ஜூலியான் ரைனக்கே, ஜிம்மி டோனகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அது பழைய ஆடிட் மாதிரி இல்லை, தொழிற்சங்கங்கள் கையெழுத்துப் போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், ஒரு பிராண்டு தன் பங்கைச் செய்யாவிட்டால் நடுவர் மன்றம்வரை போகலாம். போனார்கள், இரண்டு பிராண்டுகள் மேல் வழக்கு ஹேக் நகரம்வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் சேர்ந்த அலையன்ஸ் என்ற இன்னொரு ஏற்பாடும் அப்போது இருந்தது, அதில் சங்கங்களுக்கு அந்த இடம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான், கட்டடத்துக்குக் கம்பி போடுவது ஒன்று, தொழிலாளிக்குப் பேசும் உரிமை தருவது வேறு ஒன்று என்ற வித்தியாசத்தை அவர்களால் எழுத முடிந்தது.

இன்னொரு நல்ல விஷயம், இந்தத் துறையில் ஒருவரை ஒருவர் சும்மா விடுவதில்லை. கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, ஏழைகளையும் வாடிக்கையாளராகப் பார்த்தால் கம்பெனிக்கும் லாபம், வறுமையும் குறையும் என்று 2004-இல் புத்தகம் எழுதினார், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதில் ஒரு முக்கிய உதாரணம். அதே மிச்சிகனில் இருந்த அனீல் கர்னானி 2007-இல் நேரடியாக மறுத்தார்: ஏழையிடம் இன்னும் ஒன்றை விற்பதால் வறுமை குறையாது, அவர் உழைப்புக்கும் பொருளுக்கும் நல்ல விலை கிடைத்தால்தான் குறையும். சிவப்பழகு க்ரீமை உதாரணமாக எடுத்துத் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார், கம்பெனிக்கு லாபம் வருகிறது என்பதாலேயே சமூகத்துக்கு நல்லது ஆகிவிடாது என்று. அரவிந்த் செய்தது மகத்தான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் இந்த வாதத்தில் நான் கர்னானி பக்கம்.

எனக்குப் பொறுமை இல்லாத பகுதி எது என்றால், நல்லது செய்தால் லாபம் வருமா என்ற கேள்வி. ஜோஷுவா மார்கோலிஸும் ஜேம்ஸ் வால்ஷும் 2003-இல் எண்ணிப் பார்த்தபோதே 1972 முதல் 2002 வரை இதே கேள்விக்கு 127 ஆய்வுகள். கம்பெனியின் செயலால் சமூகத்துக்கு என்ன ஆனது என்பதை அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லையே என்று அவர்களே கேட்டார்கள். இப்போது ஈஎஸ்ஜி மதிப்பெண்ணை, அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் கம்பெனிக்குப் போடும் மதிப்பெண்ணை வைத்து அதே ஓட்டம் ஓடுகிறது. அந்த மதிப்பெண்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஆறு நிறுவனங்களின் மதிப்பெண்களை ஒப்பிட்ட 2022 ஆய்வில் சராசரி ஒட்டுறவு 0.54தான் (முழுசாக ஒத்துப்போனால் 1). அளவுகோலே ஆளுக்கு ஒன்றாக இருக்கும்போது அதை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

குறைகளும் உண்டு. கம்பெனி அனுமதித்தால்தான் பெரும்பாலும் தரவு கிடைக்கும், அதனால் நடந்தது எந்த ஆலை என்று பெயர் வராது. கட்டுரை காசு கட்டிப் படிக்கிற இதழில் ஆங்கிலத்தில் வரும். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர் கையில் அது போய்ச் சேருவதே இல்லை. பேராசிரியருக்குப் பதவி உயர்வு இதழின் பெயரைப் பார்த்துத்தான், தொழிற்சாலையில் என்ன மாறியது என்று பார்த்து இல்லை. பொறுப்பான ஆய்வு வேண்டும் என்று மூத்த பேராசிரியர்களே சேர்ந்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், அந்த அளவுக்கு உள்ளேயே அதிருப்தி இருக்கிறது.

ஆகவே பிஎச்டி செய்யுங்கள், ஆனால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் இதுவரை எதைச் சரிபார்த்திருக்கிறார் என்று பாருங்கள், ஐஐஎம்களில் உதவித்தொகை தருகிறார்கள் என்பதால் பணத்தை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சரிபார்க்க இந்தியாவில் கைநிறைய விஷயம் கிடக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் தண்ணீர், கழிவு, தொழிலாளர் விபத்து எல்லாவற்றையும் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையில் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த அறிக்கைகள் இலவசம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள், அதில் தண்ணீர் பற்றி எழுதியிருப்பதையும் ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆலை வாசல் டீக்கடைக்குப் போய் அங்கே வருகிறவர்களிடம் பேசுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை எழுதிக்கொண்டு போய் வழிகாட்டியைப் பாருங்கள்.