இரவில் இரண்டே இட்லி. காலையில் சர்க்கரை 160 ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48, பெரம்பூரில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாலும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 160 காட்டுகிறது. ஸ்கேனில் கிரேடு 2 கொழுப்புக் கல்லீரல் என்று வந்துள்ளது. மதுப் பழக்கம் இல்லை. இவற்றுக்குள் தொடர்பு உண்டா? கல்லீரல் டானிக் குடிக்கலாமா?

பதில்: தொடர்பு உண்டு. நீரிழிவு உள்ளவர்களில் மது அருந்தாதோருக்கும் கொழுப்புக் கல்லீரல் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. 2009-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், நீரிழிவு உள்ளோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது.

நாம் உண்ணாதிருக்கும் இரவு நேரத்தில் உடலுக்குத் தேவையான குளுக்கோஸைப் பெரும்பாலும் கல்லீரலே இரத்தத்தில் விடுகிறது. அது அளவு மீறாதபடி தடுப்பது இன்சுலின். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்புநிலை ஏற்பட்டவர்களிடம் இந்தத் தடை சரிவரச் செல்லுபடியாகாததால், உண்ட இட்லி செரித்து முடிந்த பிறகும் விடியும்வரை குளுக்கோஸ் வெளியாகிக்கொண்டே இருக்கிறது. விந்தை என்னவென்றால், இந்த ஒரு வேலையில் இன்சுலினுக்கு அடங்காத அதே கல்லீரல், மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் வேலையில் மட்டும் அதற்குக் கீழ்ப்படிகிறது. எதிர்ப்பை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கச் சுரக்க, கொழுப்பு உற்பத்தியும் கூடுகிறது. உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் கல்லீரலிலேயே வந்து சேர்ந்து, எதிர்ப்புநிலையை மேலும் வளர்க்கின்றன.

கிரேடு 2 என்பது கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது. கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி இயல்பாக இருப்பது மட்டும் அதற்குப் பதிலாகாது. வயது, எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி, எஸ்ஜிபிடி, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பு 1.3-க்கு மேல் இருந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். அழற்சி தணிய 7 முதல் 10 சதவீதம் தேவைப்படும். இரவு இட்லியைக் குறைப்பதைவிட, மதியச் சோற்றின் அளவையும் மாலை பஜ்ஜியையும் சர்க்கரை போட்ட காபியையும் கவனிப்பதே பலன் தரும் என்பது என் கருத்து. மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். ஆனால் அது கல்லீரல் கொழுப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்பதால், பியோகிளிட்டசோன், செமாக்ளூடைடு போன்ற மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டானிக் வேண்டாம். கல்லீரலைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் மூலிகைத் தயாரிப்புகளில் சில, கல்லீரலையே பாதித்ததும் உண்டு.