பழைய லப்டொப், பாமினிக் கோப்பு, டொங்கிள் டேட்டா: லினக்ஸ் கேள்வி-பதில்

4ஆம் தலைமுறை ஐ5 லப்டொப், 4 ஜிபி ரம். விண்டோஸ் 11 போடலாமா? (கிளிநொச்சி)

முறைப்படி போட முடியாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடலாம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22, பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டால்தான் வேகம் தெரியும். ரம் கூட்டுவதென்றால் கடையில் டிடிஆர்3எல் என்று கேளுங்கள். 'எல்' இல்லாத 1.5 வோல்ட் ரம்மில் இந்த லப்டொப்கள் பல எழும்பாது.

தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். கடிதம் எல்லாம் பாமினி. மின்ட்டில் திறந்தால் கிறுக்கலாக வருகிறது. (புதுக்குடியிருப்பு)

கோப்பு பழுதாகவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டும் எழுத்துரு. நீங்கள் அடித்த 'அம்மா', கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. பழைய கணினியிலுள்ள பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுங்கள். மின்ட்டில் கடிதம் திறக்கும் செயலியான லிபர் ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

அதோடு விடாதீர்கள். லிபர் ஒபிஸ் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. அதனால் 'அம்மா' என்று தொடங்கும் வரி 'ஆம்மா' ஆகிவிடும். டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய் அந்தத் தெரிவை நிறுத்துங்கள்.

புதிய கடிதங்களையாவது, எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். பாமினிக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் யாராலும் வாசிக்க முடியாது. சொப்ட்வெயார் மனேஜரில், தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என் இன்ஸ்டோல் செய்து, இன்புட் மெதட்டில் ஐபஸைத் தெரிவு செய்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு தமிழின் கீழ் ரெங்கநாதன் விசைப்பலகையைச் சேருங்கள். பாமினி பழகிய விரலுக்கு அதுதான் கிட்ட.

உபுண்டுவா, மின்ட்டா? இணையத்துக்கு டொங்கிள் டேட்டாதான் இருக்கிறது. (மாங்குளம்)

மின்ட். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவில் பயர்பொக்ஸ் முதலான செயலிகள் ஸ்னாப் என்ற பொதி வடிவில் வரும்; அவை ஒரு நாளில் நான்கு தடவை அப்டேட் தேடி, தாமாகவே இறக்கும். மின்ட் நீங்கள் சொன்னால்தான் இறக்கும். மின்ட்டை இன்ஸ்டோல் செய்ய இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி. ஒருவர் இறக்கினால் ஊருக்கே போதும். ஆனால் பென் டிரைவில் வெறுமனே கொப்பி பண்ணினால் பூட் ஆகாது, ரூபஸ் என்ற செயலியால் எழுத வேண்டும். வைஃபை பிடிக்காவிட்டால் போனை கேபிளில் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள்; டிரைவரை அதனூடாகவே எடுக்கலாம்.

ஒரே கணினியில் விண்டோஸ், மின்ட் இரண்டையும் வைத்திருக்கிறேன். மின்ட்டிலிருந்து டி டிரைவில் எதையும் சேவ் பண்ண முடியவில்லை. (நெடுங்கேணி)

விண்டோஸை விரைவாகத் தொடங்க வைக்கும் பாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் அது டிஸ்கைப் பாதி திறந்தபடியே விட்டுப் போகிறது. மின்ட் பாதுகாப்புக்காக வாசிக்க மட்டும் விடும். கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அங்கே பவர் பட்டன் பகுதியில் அதை நிறுத்தி, விண்டோஸை மறுபடி ஷட்டவுன் செய்யுங்கள்.

போட்டோகொப்பி கடையில் முழுதாக லினக்ஸுக்கு மாறலாமா? (மல்லாவி)

முதலில் பிரிண்டரைப் பாருங்கள். கெனன் எல்பிபி 2900 என்றால் மாற வேண்டாம், லினக்ஸில் அது பெரும் தொல்லை. எச்பி பி1102 வேலை செய்யும். ஆனால் எச்பியின் பிளகின் என்ற துணை மென்பொருளை ஒருமுறை இறக்க வேண்டும். எதுவானாலும் இன்ஸ்டோல் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.