ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது: மூக்குக் காற்றுச் சோதனை ஏன் மாறுகிறது?

போன மாதம் ரைனோமானோமெட்ரியில் (மூக்கு வழியே காற்று போக எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கும் சோதனை) இடது மூக்கு அடைப்பு என்று வந்தது, இந்த வாரம் வலது என்று வந்திருக்கிறது, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவி மேல் பழி போட அவசரப்படாதீர்கள். மூக்குக்குள் இருக்கும் சதை சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கும், அப்புறம் இடம் மாறும். பலருக்கும் உள்ளதுதான். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்த மொத்தத் தடையைப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், அடைப்பு நீக்கும் மருந்து அடித்துவிட்டு மறுபடி அளந்தார்களா என்பது. 150 பாஸ்கல் அழுத்தத்தில் விநாடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் காற்று போனது என்று, மருந்துக்கு முன், பின் என இரண்டு வரிசை ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். பின்னால் காற்று நன்றாகக் கூடியிருந்தால் சதை வீக்கம்தான் பெரும் காரணம். காற்று கொஞ்சமும் கூடவில்லை என்றால் இரண்டு நாசிக்கும் நடுவில் இருக்கும் தண்டின் வளைவு போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரே வரிசைதான் என்றால், அதை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குத் தலையாட்டாதீர்கள்.

இன்னொன்று, ஒரு நாசியை டேப்பால் மூடித்தான் குழாய் வைப்பார்கள். எனக்கு எடுத்தபோது வியர்வையில் டேப் ஓரம் பிரிந்து, மூன்று முறை ஒட்ட வேண்டியதாயிற்று. லேசாகக் கசிந்தாலும், நாசி ஓரம் இழுபட்டாலும் எண் மாறிவிடும்.

மெந்தால் முகர்ந்தால் மூக்கு திறந்தது போல இருக்கும், அளந்தால் தடை அப்படியே இருக்கும். நாம் உணர்வதும் கருவி காட்டுவதும் எப்போதும் ஒத்துப்போகாது. அதனால் எந்த நேரத்தில், எந்தப் பக்கம் அடைக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.