பெயர்ப் பட்டியலும் வேலைப் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உயிரியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்திலிருந்து அண்மையில் ஒரு பேப்பர் வெளியானது. அதற்கான தரவு முழுவதையும் அலசிய நிரலை எழுதியது நான். அச்சான படங்களில் பாதிக்கு மேல் என் கணினியிலிருந்து வந்தவை. கட்டுரையில் ஆறு பேர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. நன்றியுரையில் ஒரு வரியில் மட்டும் இருக்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருவர் தரவைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. கருவி அவருடைய ஆய்வகத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேர்த்தார்கள். கேட்டதற்கு, "நிரல் எழுதுவது தொழில்நுட்ப உதவி, அதற்கெல்லாம் ஆசிரியர் இடம் தருவதில்லை" என்றார் நெறியாளர். ஒருவேளை நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனோ என்று குழப்பமாக இருக்கிறது.

நாளை வேலைக்குப் போனால் எத்தனை பேப்பர், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடுகிற எச்-இண்டெக்ஸ் எண் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். நன்றியுரையை யாரும் எண்ணுவதில்லை. பங்களிப்பைச் சரியாக அளக்கிற ஓர் அளவுகோல் வந்தால் இது தீருமா?

இன்னொன்று. அடுத்த பேப்பரில் நான் முதல் ஆசிரியர். மாதிரிகளைத் தயாரித்து அளவீடுகளை எடுத்தது என் ஜூனியர் ஒருவன். ஒரு தொகுதி அளவீடுகள் தவறு என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். ஆனால் கட்டுரை எழுதியதில் அவனுக்குப் பங்கில்லை. அவனை ஆசிரியராகச் சேர்ப்பதா, நன்றி சொல்லி விட்டுவிடுவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் அதிகம் எதிர்பார்க்கவில்லை. உங்கள் நெறியாளர் சொன்னதுதான் தவறு.

1955இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. விற்சுருள்களால் கோத்த துகள் வரிசை ஒன்று. இழுத்த அளவுக்கு நேர்விகிதத்தில் இழுபடாத, கொஞ்சம் முரண்டு பிடிக்கிற விற்சுருள்கள். அதை அசையவிட்டால் ஆற்றல் எல்லா அதிர்வு வகைகளுக்கும் பரவிக் கலந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மேனியாக் என்ற கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, பரவிய ஆற்றலில் பெரும்பகுதி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. யாரும் எதிர்பாராத முடிவு. அதிலிருந்து இயற்பியலில் ஒரு பெரிய கிளையே வளர்ந்தது. அந்த ஆய்வுக்குக் கணினிதான் ஆய்வுக்கூடம், நிரல்தான் சோதனை. அந்த நிரலை எழுதி ஓட்டியவர் மேரி ட்சிங்கோ.

அந்த அறிக்கையின் முகப்பைப் பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். 'வேலை செய்தவர்கள்' என்று போட்டு ஃபெர்மி, பாஸ்டா, உலாம், ட்சிங்கோ என்று நான்கு பெயர்கள். 'அறிக்கை எழுதியவர்கள்' என்று போட்டு ட்சிங்கோ நீங்கலாக மூன்று பெயர்கள். இரண்டு பட்டியலையும் அவர்கள் ஒளிக்காமல் அச்சிட்டார்கள். உலகம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு அந்தக் கணக்கு மூவர் பெயரால்தான் வழங்கியது. 2008இல் தியெரி டோஷ்வா என்ற இயற்பியலாளர் இதை எடுத்து எழுதிய பிறகுதான் நான்காவது பெயரையும் சேர்த்துச் சொல்கிற பழக்கம் பரவத் தொடங்கியது.

இது எங்கோ ஒருமுறை நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2019இல் ஒரு குழு, மக்கள்தொகை மரபியல் சார்ந்த ஆய்விதழ் ஒன்றில் 1970 முதல் 1990 வரை வந்த கட்டுரைகளின் நன்றியுரைகளை உட்கார்ந்து படித்தது. நிரல் எழுதியதற்காக நன்றி பெற்றவர்களில் பெண்களின் பங்கு, ஆசிரியர்களில் அவர்களுக்கு இருந்த பங்கைவிட மிகமிக அதிகம். பின்னாளில் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளிலும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருந்தது. ஆண்டுகள் போகப்போக நன்றியுரையில் நிரலாளர்கள் வருவது குறைந்துகொண்டே வந்தது. ஆசிரியர் இடத்தில் இருந்தவர்களே நிரல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வேலை அதேதான். செய்கிற ஆள் மாறியதும் அது 'உதவி' என்ற பெயரைத் தொலைத்துவிட்டது. உங்கள் நெறியாளரின் வாதம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, விதி என்ன சொல்கிறது? உயிரியல், மருத்துவத் துறைகளில் பெரும்பாலான ஆய்விதழ்கள் பார்ப்பது ஐசிஎம்ஜேஇ என்ற பன்னாட்டு இதழாசிரியர் குழுவின் நெறிகளை. ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவைத் திரட்டியதிலோ, அலசியதிலோ, பொருள் கண்டதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது ஆழ்ந்து படித்துத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். 2013இல் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஆய்வின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நிதி வாங்கித் தந்தது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது என்பவை மட்டும் போதாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. தரவை அலசிய நீங்கள் முதல் படியைத் தாண்டியவர். கருவி வைத்திருப்பவர் அந்தப் படிக்கே வரவில்லை.

என்னைக் கேட்டால் அந்த நான்காவது நெறிதான் மற்ற மூன்றுக்கும் அடித்தளம். கட்டுரையில் பெயர் போடுவது என்றால் இரண்டு விஷயம்: இது என் உழைப்பு, இதில் பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள். உங்கள் பேப்பரில் அந்தப் படம் தப்பு என்று நாளை யாராவது எழுதினால் அந்த ஆறு பேரும் யாரிடம் ஓடி வருவார்கள்? உங்களிடம்தான். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வெளியிடுகிற கட்டுரை வாசகரையும் ஏமாற்றுகிறது. உங்களுக்கு நடந்த அநியாயத்தோடு நிற்கிற விஷயம் அல்ல இது.

இனி அளவுகோல். உங்கள் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. இதில் தனியாக எழுதியவருக்கும் ஐம்பதில் ஒருவராக இருந்தவருக்கும் ஒரே மதிப்பு. 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி, சேர்ன் ஆய்வகத்தில் பெரும் உணர்கருவிகளை இயக்கும் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த உணர்கருவிகளை ஆண்டுக்கணக்கில் கட்டியவர்களை விட்டுவிட்டு எழுதினால்தான் தவறு. ஆனால் அந்த 5,154 பேர் கணக்கிலும் ஒரு முழுக் கட்டுரை ஏறுகிறது என்றால், அந்த எண்ணை வைத்து அவர்களில் ஒருவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? தன் அளவீடு மோசமாகப் பிசகக்கூடும், நினைத்துப் பார்க்காத கெடுதலையும் செய்யக்கூடும் என்று 2020இல் ஹிர்ஷே எழுதினார்.

அப்படியானால் பங்கிட்டுக் கொடுக்கலாமே, ஐந்து பேர் எழுதினால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று? அந்த முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் விளைவை உங்கள் ஜூனியரை வைத்தே யோசித்துப் பாருங்கள். முழு மதிப்பு தரும் கணக்கில் ஒரு பெயரைச் சேர்க்க யாருக்கும் செலவில்லை. அதனால் கருவிக்காரர் உள்ளே வருகிறார். பங்கிடும் கணக்கில் ஒவ்வொரு பெயரும் மற்றவர்கள் பங்கைக் குறைக்கிறது. அப்போது முதலில் வெளியே போவது குரல் இல்லாதவன். முதல் கணக்கு பங்கில்லாதவரைச் சேர்க்கத் தூண்டுகிறது, மற்றது பங்குள்ளவரை நீக்கத் தூண்டுகிறது.

பெயர் வரிசையைப் பார்த்து எடை போடலாம் என்பார்கள். உங்கள் துறையில் முதல் பெயர் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் அகர வரிசைதான் வழக்கம், முதல் பெயருக்கு அங்கே தனி அர்த்தம் இல்லை. பொருளியலிலும் பெரும்பாலும் அகர வரிசைதான். ஆனால் அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் குடும்பப்பெயர் அகர வரிசையில் முன்னால் வருபவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2006இல் ஐனாவ், யாரிவ் என்ற இருவர் காட்டினார்கள். வெறும் எழுத்து வரிசை ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கிறது! இதையெல்லாம் பார்த்த பிறகும் இன்னொரு சூத்திரத்துக்குக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணைப் பார்க்கிறவர்கள் கட்டுரையைப் படிப்பதில்லை என்பதுதான் நோய். அதற்கு எண்ணில் மருந்து இல்லை.

நான் நம்புவது வேலைப் பட்டியலை. ஆய்வில் யார் என்ன செய்தார் என்று குறிக்க, கிரெடிட் என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் முறையான தரநிலையாகவும் ஆனது. கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், அலசல், நிதி, மேற்பார்வை என்று 14 பங்குகள். யார் எதைச் செய்தார் என்று கட்டுரையோடு அச்சாகிறது. லாஸ் அலமோஸ் முகப்பில் இருந்த முதல் வரி மாதிரிதான். குறைகளும் உண்டு. பெரும்பாலும் சமர்ப்பிக்கிற அன்று ஒருவர் உட்கார்ந்து டிக் அடித்து முடித்துவிடுகிறார். ஆய்வகத்தில் யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவர் கைதான் அந்தப் பெட்டிகளையும் நிரப்புகிறது. அதனால் இந்தப் பட்டியலை வேலை தொடங்கும்போதே எழுதி வைத்து, வேலை மாறும்போது திருத்திக்கொண்டே வர வேண்டும்.

இதை மனிதர்களின் நல்ல மனதுக்கு விட முடியாது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். புகழ் ஏற்கெனவே இருப்பவரிடமே மேலும் போய்ச் சேருகிறது என்பதை 1968இல் விளக்கி எழுதியவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். அந்தக் கட்டுரை பெரிதும் சார்ந்திருந்தது ஹாரியட் ஸக்கர்மன் நோபல் பரிசாளர்களிடம் எடுத்த பேட்டிகளை. கட்டுரையில் இருந்தது மெர்ட்டன் பெயர் மட்டும். இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டியது என்று பிறகு அவரே வெளிப்படையாக எழுதினார். அறிவியலில் அங்கீகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஆராய்ந்தவரின் கண்ணுக்கே அப்போது தெரியவில்லை. உங்கள் நெறியாளரைக் கெட்டவர் என்று முடிவு கட்ட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? வெளியான கட்டுரையில் ஆசிரியரைச் சேர்க்கவும் வழி இருக்கிறது; எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டால் ஆய்விதழ் திருத்தம் வெளியிடும். எந்தப் படம் எந்த நிரலிலிருந்து வந்தது, எப்போது எழுதியது என்று ஒரு பக்கத்தில் தொகுத்து, ஐசிஎம்ஜேஇ நெறிகளைச் சுட்டி, நெறியாளருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முதலில் உங்கள் ஆய்வுக் குழுவில் நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் பேசிவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள். அனுப்பாமல் இருக்க முடிவு செய்தாலும் அது கோழைத்தனம் ஆகாது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஆய்வகத்தின் சம்மதம் பெற்று, அந்த நிரலை ஸெனோடோ போன்ற பொதுக் காப்பகத்தில் உங்கள் பெயரில், ஆய்வாளர்களுக்கான தனி அடையாளமான உங்கள் ஆர்கிட் எண்ணோடு போடுங்கள். நிரலுக்கென்றும் நிலையான ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்த நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் அதைத் தனியாக மேற்கோள் காட்ட முடியும்.

ஜூனியர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அளவீடு எடுத்ததோடு, எது தவறு என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு அதைப் புரிந்துகொண்டவன் அவன். எழுத்தில் பங்கில்லை என்று சொல்கிறீர்கள். வரைவை அவனிடம் காட்டினீர்களா? முதல் நெறியை நிறைவு செய்த ஒருவருக்கு, எழுதவோ திருத்தவோ வாய்ப்பே தராமல் அதைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது என்று ஐசிஎம்ஜேஇ ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. வரைவை இந்த வாரமே அவனுக்கு அனுப்புங்கள். முறைகள் பகுதியில் அந்தத் தவறான தொகுதியை எப்படிக் கண்டுபிடித்து நீக்கினோம் என்ற பத்தியை அவனையே எழுதச் சொல்லுங்கள். பெயர் எந்த இடத்தில் வரும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.