மாஸ்கோவிலிருந்து இரண்டு நாளில் விளாதிமிர், சுஸ்தால் வெள்ளைக்கல் தேவாலயங்களைப் பார்த்துவிட முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் 'தங்க வளையம் (மாஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள பழைய ஊர்களின் சுற்று) ஒரே நாளில்' என்று கூவி அழைக்கும் பேருந்துச் சுற்றுலாவில் மட்டும் ஏறிவிடாதீர்கள். நீங்கள் கேட்டிருப்பது 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய கட்டடங்களை. அவர்கள் காட்டுவதோ பெரும்பாலும் பிற்காலச் செங்கல் தேவாலயங்களையும் பொம்மைக் கடைகளையும். செங்கல்மேல் வெள்ளையடித்தாலும் தூரத்திலிருந்து பார்க்க வெள்ளைக்கல் போலத்தான் இருக்கும். கிட்டே போய்க் கல்லுக்குக் கல் இணைப்பைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முதல் நாள் முழுவதையும் விளாதிமிருக்கே கொடுங்கள். மாஸ்கோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டில்தான் இரண்டு பேராலயங்களும், பக்கத்துப் பக்கத்தில். முதலில் 1190-களில் கட்டிய திமீத்ரி பேராலயம். தெற்குச் சுவரின் மேல்பகுதியில் மாவீரன் அலெக்சாண்டர் வானேறும் சிற்பத்தைத் தேடுங்கள். கையில் இரு சிங்கக் குட்டிகளைத் தூக்கிக் காட்டி, அந்த ஆசையில் கிரிஃபின்கள் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்குகள்) தன்னை மேலே இழுத்துப் போகும்படி செய்வார். பைனாகுலர் இல்லாமல் இது பிடிபடாது. வெயில் நேராக அடித்தால் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். தெற்குச் சுவருக்குக் காலை, மேற்குச் சுவருக்கு நண்பகல் தாண்டியதும். அப்போதுதான் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு விழும்.

அடுத்தது உஸ்பென்ஸ்கி பேராலயம். 1158–60-இல் கட்டியது 1185 தீயில் சேதமாக, அதை இடிக்காமல் சுற்றிலும் புதுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அதனால் பழைய கோயிலின் வெளிச்சுவர் இப்போது உள்ளே இருக்கிறது. மேற்குப் பகுதியில் புகழ்பெற்ற ரஷ்யத் திருவோவியர்கள் அந்திரேய் ருப்லியோவும் தனீல் சோர்னியும் 1408-இல் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். வழிபாடு நடக்கும் இடம், பெண்கள் தலைக்குத் துணி எடுத்துப் போவது நல்லது.

இரண்டாம் நாள் காலை விளாதிமிருக்குப் பக்கத்தில் உள்ள பகலூபவா. ரயில் பாதையைத் தாண்டி, புல்வெளியில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நெர்ல் ஆற்றங்கரைக் கோயில். ஆண்டு 1165 என்பார்கள், 1158 என்போரும் உண்டு. அது நிற்பது இயற்கை மேடு இல்லை. அடித்தளத்துக்கு மேல் சுமார் 3.7 மீட்டர் சுவர் எழுப்பி, சுற்றிலும் மண் நிரப்பி, மேலே கல் பாவினார்கள். வசந்தகால வெள்ளத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஏப்ரலில் போனால் பாதையே தண்ணீருக்குள் இருக்கலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மதியம் சுஸ்தால். ரயில் கிடையாது, விளாதிமிரிலிருந்து பேருந்தில் சுமார் 35 கிலோமீட்டர். சுஸ்தாலை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அழகான ஊர்தான். வெள்ளைக்கல்லுக்காகப் போகிறவருக்கு அரை நாள் போதும் என்கிறேன், அவ்வளவே. அங்கே பிறப்புப் பேராலயத்தில் (1222–25) அரைச் சுவர் உயரத்தில் ஓடும் குறுந்தூண் வரிசை வரைக்கும்தான் பழைய கல். அதற்கு மேலே 1528–30-இல் கட்டிய செங்கல். நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே கிதேக்ஷா கிராமத்து வெள்ளைக்கல் கோயில், 1152.

ஒரு ஆதங்கம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தச் சுவர்கள் இருபுறமும் செதுக்கிய சுண்ணாம்புக்கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல் பொரிந்து உதிரும். எந்த நாடானாலும் பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கிறேன் என்று சிமெண்ட் மூட்டையோடு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மூன்றாவது நாள் கிடைத்தால் யூரியெவ்-போல்ஸ்கி ஊரை விடாதீர்கள். 1230–34-இல் அடியிலிருந்து முடிவரை செதுக்கிய கோயில். இடிந்து விழுந்ததை 1471-இல் மாஸ்கோ கட்டடக் கலைஞர் யெர்மோலின் திரும்ப எழுப்பியபோது கற்கள் இடம் மாறிவிட்டன. ஒரு கல்லில் தலை இருக்கும், அதன் உடல் வேறெங்கோ இருக்கும்.

வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரூபிளாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.