அக்சாள் கேட்டது பேராசையா?

வணக்கம் ஐயா,

எங்கள் சபையில் யோசுவா 15-ஆம் அதிகாரம் வாசித்தோம். காலேபின் மகள் அக்சாள், அப்பா கொடுத்த நிலம் போதாமல் தண்ணீர் உள்ள நிலத்தையும் கேட்டு வாங்குகிறாள். இதைப் பேராசைக்கு உதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. செலொப்பியாத்தின் மகள்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமையைத்தானே இவளும் கேட்டாள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பேராசை இல்லை என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் சட்டப்படி கேட்டாள் என்பது சரியாக வராது.

செலொப்பியாத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. அவருடைய ஐந்து மகள்கள் மோசேயின் முன்னால், சபையார் எல்லாரும் பார்க்க வந்து நின்று, மகன் இல்லாததால் எங்கள் அப்பா பேர் அற்றுப்போகலாமா என்று கேட்டார்கள். எண்ணாகமம் 27-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மகன் இல்லாவிட்டால் மகளுக்கு, அவ்வளவுதான். சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் என்ற கட்டும் பின்னால் 36-ஆம் அதிகாரத்தில் சேர்ந்தது. அண்ணன் தம்பி இருக்கிற பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு கிடையாது. எப்புன்னேயின் மகன் காலேபுக்கோ ஆண் பிள்ளைகள் இருந்ததாக 1 நாளாகமம் 4:15 சொல்கிறது. ஆகவே அக்சாளுக்குக் கிடைத்தது, உயிரோடிருந்த அப்பா மனசு வைத்துக் கொடுத்தது.

அவள் நிலைமையைப் பாருங்கள். கீரியாத்செப்பேரைப் பிடிக்கிறவனுக்கு என் மகளைக் கொடுப்பேன் என்று காலேப் அறிவிக்கிறார். ஒத்னியேல் பிடிக்கிறான், கொடுத்துவிடுகிறார். அவள் சம்மதத்தை யாராவது கேட்டதாக ஒரு வரி இல்லை. அவள் வாய் திறப்பதே அதற்கப்புறம்தான். கழுதையை விட்டு இறங்குகிறாள். அது பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை. அபிகாயிலும் தாவீதைக் கண்டதும் அப்படித்தான் இறங்கினாள். உனக்கு என்ன வேண்டும் என்கிறார் அப்பா. எனக்கு வறண்ட நிலத்தைக் கொடுத்தீர்கள், தண்ணீரும் கொடுங்கள் என்கிறாள். மரியாதையில் குறை வைக்கவில்லை, சொல்ல வேண்டியதை மென்று விழுங்கவும் இல்லை.

தென்தேசத்தில் தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்றும் பெயெர்செபாவில் வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். ஈசாக்கின் வேலைக்காரர்கள் கேராரில் கிணறு தோண்டத் தோண்ட, அந்த ஊர் மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களுடையது என்று சண்டைக்கு வந்ததை ஆதியாகமம் 26-இல் வாசிக்கிறோமே. கீரியாத்செப்பேருக்கு இன்னொரு பேர் தெபீர். அது இருந்த இடம், எபிரோனுக்குத் தென்மேற்கிலுள்ள கிர்பெத் ரபூத் மேடு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதற்கு வடக்கே மேல் கிணறு, கீழ் கிணறு என்று இரண்டைக் காட்டுகிறார்கள். காலேப் கொடுத்ததும் மேற்புறத்தில் ஒன்று, கீழ்ப்புறத்தில் ஒன்று. ஒன்றைக் கேட்டவளுக்கு இரண்டு கொடுத்த அப்பாவுக்கு அது பேராசையாகத் தெரியவில்லை.

தெரியவும் தெரியாது. ஒரு அதிகாரம் முன்னால், 85 வயதில் யோசுவாவிடம் போய், மோசே 45 வருஷத்துக்கு முன் சொன்ன வாக்கை ஞாபகப்படுத்தி, இந்த மலைநாட்டை எனக்குத் தாரும் என்று கேட்டு எபிரோனை வாங்கியவர் அவர். பிரசங்கங்களில் அதை விசுவாசம் என்று மெச்சுகிறோம். அவர் மகள் கேட்டால் மட்டும் வேறு பேரா? அடுத்த முறை உங்கள் சபையில் 14-ஆம் அதிகாரத்தையும் 15-ஆம் அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.